ஐம்பது சென்ட் பாட்டு டீச்சர்!

உங்களில் எத்தனை பேர் பாட்டு கிளாஸ் போகிறீர்கள்? கீபோர்டு? பரதநாட்டியம்? மாதம் எவ்வளவு பீஸ் கட்டுகிறார்கள் என்று இன்றைக்கே அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, அடுத்த மாதம் கிளாசுக்கு 'கட்' அடிக்கலாமா என்று யோசிப்பீர்களா, மாட்டீர்களா... அது உங்கள் பாடு!

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில், 1964ல் ஒரு பாட்டு டீச்சர் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். ஒரு வகுப்புக்கு அவர் வாங்கிய கட்டணம் வெறும் ஐம்பது சென்ட். அதாவது, அரை டாலர். அப்போது அந்த ஊரில் பாதாள ரயிலில் ஒருமுறை போக 15 சென்ட் டிக்கெட். மூன்று முறை ரயிலில் போகும் காசுக்கு ஒரு வகுப்பு! அப்படியானால் ஏதோ சுமாரான டீச்சராக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பதினொரு வருடங்களுக்கு முன், அமெரிக்க ஜனாதிபதி பதவி ஏற்ற விழாவில் தேசிய கீதம் பாடியவரே அவர்தான்.

அவர் பெயர் டோரதி மேனர்.

நாட்டுக்கே பாடியவர், ஏன் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார்? அந்தக் கதைதான் இந்த வாரம்.

போதகர் வீட்டுப் பெண்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் விர்ஜீனியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே நார்ஃபோக் என்ற துறைமுக ஊரில், 1910ம் ஆண்டு செப்டம்பர் 3ம் தேதி டோரதி பிறந்தாள். அப்பா மெதடிஸ்ட் சபையில் போதகர். போதகர் வீட்டுப் பிள்ளை என்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கே இருக்கும்? சர்ச்சில்தான்! அங்கே பாடகர் குழுவோடு சேர்ந்து பாடிப் பாடியே வளர்ந்தாள். பாட்டு வாத்தியார் யாரும் வீட்டுக்கு வந்து சொல்லித் தரவில்லை.

டோரதி கறுப்பின குடும்பத்துப் பெண். அந்தக் காலத்து விர்ஜீனியாவில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. ரயிலில் தனிப் பெட்டி. தண்ணீர் குடிக்கத் தனிக் குழாய். எல்லாமே சட்டப்படி! நம் ஊரில் டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்த கதையைத் தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள், இதுவும் அப்படித்தான்.

இன்னொரு குட்டிச் செய்தி. குடும்பப் பெயரை அவர்கள் வேறு எழுத்துகளில் எழுதி வந்தார்கள். மேடைக்கு வந்த பிறகுதான், டோரதி அதை ஒரு எழுத்து மாற்றி 'மேனர்' என்று வைத்துக்கொண்டார்.

மரத்தடியில் பள்ளி

பதினான்கு வயதில் டோரதியை ஹாம்ப்டன் என்ற ஊரில் உள்ள பள்ளிக்கு அனுப்பினார்கள். தங்கிப் படிக்க வேண்டும். 'ஹாம்ப்டன் இன்ஸ்டிடியூட்' என்று பெயர். இப்போது பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. இந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லியே ஆக வேண்டும் குட்டீஸ். ஏனென்றால், டோரதி பிற்காலத்தில் செய்த காரியத்தின் விதை இங்கேதான் இருக்கிறது.

ஹாம்ப்டன் கடற்கரையில்தான், 1619ல் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களை ஒரு கப்பல் இறக்கிவிட்டது. இங்கிலாந்துக்காரர்கள் குடியேறிய அமெரிக்க மண்ணில் ஆப்பிரிக்க மக்கள் இப்படி வந்து இறங்கியதற்கு எழுதி வைத்த முதல் சாட்சி அதுதான். பிறகு இருநூறு வருடங்களுக்கும் மேலாக அடிமை வாழ்க்கை. கறுப்பின மக்களைக் கூட்டி வைத்து எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதையே விர்ஜீனியாவில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

அங்கே மேரி பீக் என்று ஒரு பெண்மணி இருந்தார். இவர் அடிமை அல்ல; ஆனாலும், கறுப்பின மக்களுக்கு ரகசியமாகப் படிப்பு சொல்லிக் கொடுத்து வந்தார். உள்நாட்டுப் போர் ஆரம்பித்ததும், 1861ல் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளைக் கூட்டி, ஒரு பெரிய ஓக் மரத்தடியில் வெளிப்படையாகவே பாடம் நடத்த ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே காசநோயால் இறந்து போனார். ஆனால், அந்த மரம் இருக்கிறது! 1863ல் அடிமைகளுக்கு விடுதலை என்ற ஆபிரகாம் லிங்கனின் அறிவிப்பை அந்த மரத்தடியில்தான் மக்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். 'விடுதலை ஓக்' என்றே அதற்குப் பெயர். இன்றும் பல்கலைக்கழக வளாகத்தில் கிளை பரப்பி நிற்கிறது.

1868ல் அங்கே பள்ளி தொடங்கியது. பிள்ளைகள் சேர்ந்துகொண்டே போனார்கள். தங்க இடம் போதவில்லை. கட்டடம் கட்டப் பணமும் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? மாணவர்களில் நன்றாகப் பாடுகிறவர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்து, 1873ல் ஊர் ஊராக அனுப்பினார்கள். கச்சேரி செய்து காசு சேர்த்து அனுப்பினார்கள் பிள்ளைகள். அந்தக் காசில் எழுந்ததுதான் 'விர்ஜீனியா ஹால்' என்ற பெரிய கட்டடம். 'பாடியே கட்டிய கட்டடம்' என்று இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

அவர்கள் பாடியது என்ன பாட்டு? சினிமாப் பாட்டு இல்லை, அப்போது சினிமாவே கிடையாது! 'ஸ்பிரிச்சுவல்' என்று சொல்லப்படும் பாடல்கள். பருத்தி வயலிலும், புகையிலைத் தோட்டத்திலும் வேலை பார்த்த அடிமை மக்கள் தாங்களே கட்டிய பக்திப் பாடல்கள். எழுதியவர் பெயர் தெரியாது. நம் ஊர் நாட்டுப்புறப் பாட்டு மாதிரி, நாற்று நடும்போது ஒருவர் முதல் வரி எடுக்க மற்றவர்கள் பின்பாட்டு பாடுவார்கள் அல்லவா, அதே மாதிரி ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பைபிளில் மோசே தன் மக்களை எகிப்து அடிமைத்தனத்திலிருந்து மீட்ட கதையை நிறையப் பாடினார்கள். ஏன் அந்தக் கதையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

தையல் படிக்க வந்தவர்

இந்தப் பள்ளிக்கு டோரதி பாட்டு படிக்க வரவில்லை. வீட்டு அறிவியல் படித்து டீச்சர் ஆக வேண்டும் என்றுதான் வந்தாள். சமையல், தையல், வீட்டு நிர்வாகம்... இதுதான் பாடம். பாடகர் குழுவில் சேர்ந்தது கூடுதலாகத்தான்.

அந்தப் பாடகர் குழுவுக்குத் தலைவர், நதானியேல் டெட் என்ற இசையமைப்பாளர். இவர் கதையும் சுவையானது. கனடாவில் பிறந்தவர். சின்ன வயதில் இவருடைய பாட்டி அடிமைக் காலத்துப் பாட்டுகளைப் பாடிக் காட்டுவாராம். பையன் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இசைக் கல்லூரியில் படிக்கும்போது, ஒருநாள் ஒரு வயலின் குழுவினர் டுவோர்ஷாக் என்ற செக் நாட்டு மேதையின் இசையை வாசித்தார்கள். அதில் ஒரு மெதுவான பகுதி. கேட்டுக்கொண்டிருந்த டெட்டுக்கு, இறந்துபோன பாட்டியின் குரல் சட்டென்று காதில் ஒலித்ததாம்! எங்கோ ஐரோப்பாவில் பிறந்த ஒருவர், நாட்டுப்புற மெட்டை இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறாரே, நாம் நம் பாட்டியின் பாட்டை என்ன செய்தோம் என்று யோசித்தார். அதன்பிறகு ஸ்பிரிச்சுவல் பாடல்களைப் பெரிய சர்ச் இசை போல நான்கைந்து குரல்களில் பிரித்து அமைப்பதையே தன் வேலையாக வைத்துக்கொண்டார்.

குழுவில் நிற்கும் ஐம்பது குரல்களில் ஒரு குரல் தனியாகத் தெரிந்தால், நல்ல வாத்தியார் விடுவாரா? டோரதியைப் பிடித்துக்கொண்டார் டெட். அவள் குரல் 'சொப்ரானோ' வகை; பெண் குரல்களிலேயே உச்சியில் நிற்பது. மேலே போனாலும் கீச்சென்று கத்தாத குரல். ஆள் என்னவோ ரொம்பக் குள்ளம்! கடைசிவரை உயரமே வளரவில்லை. குரல் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று.

1930ல் ஹாம்ப்டன் பாடகர் குழு கப்பலேறி ஐரோப்பா போயிற்று. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி என்று பெரிய நகரங்களில் எல்லாம் பாடினார்கள். சொந்த ஊரில் தனிக் குழாயில் தண்ணீர் பிடித்த பத்தொன்பது வயதுப் பெண்ணை, அங்கே பெரிய மனிதர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

1933ல் படிப்பு முடிந்தது. வீட்டு அறிவியல் டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பிரின்ஸ்டன் நகரில் இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் கொயர் காலேஜில் சேர்ந்தார். சர்ச் பாடகர் குழுக்களை நடத்துவது எப்படி என்று சொல்லித் தருவதற்காகவே ஏற்பட்ட கல்லூரி அது! ஓஹையோ மாநிலத்தில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் சர்ச்சின் பாடகர் குழுவாக 1920ல் ஆரம்பித்து, கல்லூரியாக வளர்ந்தது. மேடைப் பாடகியாக வேண்டும் என்பதைவிட, பாடகர் குழுவை நடத்த வேண்டும் என்பதுதான் அப்போது அவர் கற்றுக்கொண்டது. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் உதவும்.

(பிரெஸ்பிட்டேரியன் என்றால்? கிரேக்க மொழியில் 'பிரெஸ்பிட்டர்' என்றால் மூப்பர். பிஷப் இல்லாமல், சபையாரே தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் சேர்ந்து நடத்தும் கிறிஸ்தவ சபை இது. ஸ்காட்லாந்து நாட்டில் வேர் ஊன்றியது. சென்னை எழும்பூரில் உயரமான கோபுரத்தோடு 'கர்க்' என்று ஒரு சர்ச் இருக்கிறதே, செயின்ட் ஆண்ட்ரூஸ்... அதைக் கட்டியவர்களும் இந்த ஸ்காட்லாந்து சபையார்தான்.)

பிக்னிக்கில் பாடிய பாட்டு

பிறகு நியூயார்க் போய், மேலும் சில ஆசிரியர்களிடம் குரல் பயிற்சி எடுத்தார் டோரதி. 1939ம் வருடம் வந்தது.

அந்த வருடத்தில் நடந்த ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மரியன் ஆண்டர்சன் என்ற மாபெரும் பாடகி, வாஷிங்டனில் இருந்த பெரிய அரங்கத்தில் பாட இடம் கேட்டார். கறுப்பினப் பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். ஏப்ரல் 9ம் தேதி, லிங்கன் நினைவு மண்டபத்தின் படிக்கட்டில் நின்று திறந்தவெளியில் பாடினார் மரியன். கேட்க வந்த கூட்டம் 75 ஆயிரம்!

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மலைப்பகுதியில் 'டாங்கிள்வுட்' என்ற இடத்தில் இசைத் திருவிழா நடந்தது. அதை நடத்தியவர் செர்ஜ் கூசெவிட்ஸ்கி. ரஷ்யாவில் பிறந்தவர், பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துனர். கோபக்காரர் என்று பெயர் வாங்கியவர். அவர் முன்னால் பாடிக் காட்ட டோரதிக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது.

பாடினார். கூசெவிட்ஸ்கி அசந்து போனார். 'இவரை உலகம் முழுவதும் கேட்டாக வேண்டும்' என்று சொன்னாராம். சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் இசைக்குழுவினருக்கு ஒரு பிக்னிக் வைத்திருந்தார். 'அங்கே வந்து பாடு' என்றார். புல்தரையில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே இந்தக் குள்ளப் பெண் பாடிய செய்தி, சில நாட்களில் பத்திரிகைகளுக்கு வந்துவிட்டது.

நவம்பர் 19ம் தேதி, நியூயார்க் 'டவுன் ஹால்' அரங்கத்தில் முதல் தனிக் கச்சேரி. சுமார் 1,500 இருக்கைகள். எல்லாம் நிரம்பி வழிந்தன. அன்றிலிருந்து இருபது வருடங்களுக்கும் மேலாக ஓயாத பயணம். அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் எல்லாம் இவரை அழைத்தன. ஐரோப்பா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போய்ப் பாடினார். கிராமபோன் தட்டுகள் வெளிவந்தன. 'லூயிஸ்' என்ற பிரெஞ்சு இசை நாடகத்தில் வரும் ஒரு பாட்டை இவர் பாடினால், அதற்குப் பிறகு வேறு யாரும் பாட யோசிப்பார்களாம். எத்தனை பெரிய கச்சேரியாக இருந்தாலும் மொஸார்ட், ஷூபர்ட் பாடல்களோடு ஸ்பிரிச்சுவல் பாடல்களும் இருக்கும். டெட் வாத்தியாரின் மாணவி அல்லவா!

திறக்காத கதவு

'லூயிஸ்' ஓர் இசை நாடகம் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் 'ஆபரா' என்பார்கள். வேஷம் கட்டி, மேடையில் நடித்துக்கொண்டே பாட வேண்டும். நம் தெருக்கூத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அமெரிக்காவில் ஆபரா என்றால் அதற்கு ஒரு கோயில் இருக்கிறது. நியூயார்க்கில் 1883ல் திறந்த 'மெட்ரோபாலிட்டன் ஆபரா'. செல்லமாக 'மெட்'.

டோரதி வாழ்ந்த ஊர் நியூயார்க். அந்தப் பாட்டுக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால், 'மெட்' மேடையில் அவர் ஒரு நாள்கூட நிற்கவில்லை. காரணம், அவர் குரல் அல்ல, தோலின் நிறம்! கறுப்பினப் பாடகர் யாருக்கும் அங்கே முக்கிய வேடம் கொடுப்பது வழக்கம் இல்லை. நாயகியின் பாட்டைக் கச்சேரியில் பாடலாம்; நாயகியாக மேடையில் வர முடியாது. எப்படி இருக்கிறது நியாயம்?

அந்தக் கதவு 1955 ஜனவரி 7ம் தேதிதான் திறந்தது. உள்ளே போனவர், அதே மரியன் ஆண்டர்சன். அப்போது அவருக்கு 57 வயது. குரலின் பொற்காலம் முடிந்திருந்தது. டோரதிக்கு 44. ஆபரா நடிகையாகப் புதிதாகத் தொடங்கும் வயது தாண்டிவிட்டது. இரண்டு வருடங்களுக்கு முன்னால்தான், 1953ல், ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றபோது தேசிய கீதம் பாட டோரதியை அழைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாட்டுக்கே பாடலாம்; நாடக அரங்கில் பாடக்கூடாது!

இதற்காக அவர் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அவர் செய்ததைச் சொல்கிறேன்.

சர்ச் பக்கத்துப் பள்ளி

1942ல் டோரதி, ஷெல்பி ரூக்ஸ் என்ற போதகரைத் திருமணம் செய்துகொண்டார். ரூக்ஸ் பின்னாளில், நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் பிரெஸ்பிட்டேரியன் சர்ச்சின் போதகர் ஆனார். மெதடிஸ்ட் போதகரின் மகள், பிரெஸ்பிட்டேரியன் போதகரின் மனைவி ஆனார்.

ஹார்லம் என்றால் கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. ஜாஸ் இசை கொடிகட்டிப் பறந்த இடம். எழுத்தாளர்கள், ஓவியர்கள், பாடகர்கள் என்று பெரிய பெரிய ஆட்களைக் கொடுத்த இடம். ஆனால், 1960களில் அங்கே வறுமை கடுமையாக இருந்தது. இடிந்த வீடுகள், வேலை இல்லாத அப்பாக்கள், பிள்ளைகளுக்குத் தெருவைத் தவிர வேறு இடம் இல்லை. பள்ளிக்கூடங்களில் சங்கீத வகுப்பு என்பது பேருக்குத்தான்.

1963ல் கணவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போகவே, டோரதி கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டார். 'இனி ஓய்வு' என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1964. அந்த ஜூலையில் 15 வயதுப் பையன் ஒருவன் போலீஸ் அதிகாரியின் துப்பாக்கிக் குண்டுக்கு இறந்துபோக, ஹார்லம் தெருக்களில் பல இரவுகள் கலவரம் நடந்தது. கண்ணாடி உடைந்தது, தீ எரிந்தது. ஹார்லம் என்றாலே மற்ற ஊர்க்காரர்கள் பயந்தார்கள். அதே ஆண்டில்தான், சர்ச்சை ஒட்டியிருந்த சமூகக் கூடத்தின் அடித்தளத்தில் டோரதி வகுப்பை ஆரம்பித்தார்.

வந்த பிள்ளைகள் இருபது பேர். டோரதியே பியானோ சொல்லிக் கொடுத்தார். கட்டணம்தான் உங்களுக்குத் தெரியுமே, ஐம்பது சென்ட்!

ஏன் இலவசமாகவே கொடுத்திருக்கக்கூடாது என்று எனக்கும் தோன்றியது. ஆனால், சும்மா கிடைப்பதற்கும், அப்பா சட்டைப் பையைத் தடவி எடுத்துக் கொடுத்த காசுக்குக் கிடைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? எனக்குத் தெரிந்த ஒரு மிருதங்க வாத்தியார் ஏழைப் பிள்ளைகளிடம் வாரம் ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுப்பார். பழம் கொண்டுவர மறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்!

டோரதியின் எண்ணம் இதுதான்: ஹார்லம் பிள்ளைகள், அழகான எல்லாமே தங்கள் பகுதிக்கு வெளியே இருக்கிறது என்று நினைத்து வளர்கிறார்கள். நல்ல இசை கேட்க வேண்டுமானால் ரயில் ஏறித் தெற்கே போக வேண்டும், நல்ல நடனம் பார்க்க வேண்டுமானால் அங்கே போக வேண்டும். அப்படி இல்லாமல், அழகை அவர்கள் இங்கேயே, தங்கள் தெருவிலேயே, தாங்களே உண்டாக்க வேண்டும்.

பியானோவுக்குப் பிறகு வயலின் வந்தது. பாட்டு வந்தது. ஓவியம், நாடகம், நடனம் எல்லாம் வந்தன. 'ஹார்லம் ஸ்கூல் ஆப் தி ஆர்ட்ஸ்' என்று பெயர் நிலைத்தது. பாக், மொஸார்ட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். 'வெள்ளைக்காரர் இசை நமக்கு எதற்கு' என்று கேட்ட காலம் அது. நியாயமான கேள்விதான். ஆனால், பாட்டியின் பாட்டையும் பாக்கின் பாட்டையும் ஒரே மேடையில் வைத்துக் கேட்டு வளர்ந்தவர் டோரதி. இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் விடுவாரா?

கதவைச் சாத்தாத டான்ஸ் மாஸ்டர்

இந்தப் பள்ளிக்கு வந்த ஒரு டான்ஸ் மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு.

ஆர்தர் மிட்செல், ஹார்லத்திலேயே பிறந்தவர். பாலே நடனம் கற்று, 'நியூயார்க் சிட்டி பாலே' குழுவில் முதன்மை நடனக்காரராக உயர்ந்த முதல் கறுப்பினக் கலைஞர். 1968 ஏப்ரல் 4ம் தேதி, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி மிட்செலைப் புரட்டிப் போட்டது. 'எங்கெங்கோ போய் ஆடுகிறோம், நம் தெருப் பிள்ளைகளுக்கு என்ன செய்தோம்' என்று யோசித்தார். டோரதி அவரைத் தன் பள்ளிக்கு அழைத்தார். அந்தக் கோடையிலேயே வகுப்பு தொடங்கியது.

இடம், ஒரு பழைய கார் ஷெட். கோடை வெயில் தாங்காமல் பெரிய கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார் மிட்செல். தெருவில் போகிற பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். 'இது பொம்பளைப் பிள்ளைங்க ஆட்டம்' என்று கிண்டல் செய்தவர்களைத் தாளம் அடிக்கிறவர்கள் உள்ளே இழுத்தார்கள். பாலே என்றால் இறுக்கமான உடை போட வேண்டும் என்று வெட்கப்பட்ட பையன்களுக்கு, வெட்டிய ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வரலாம் என்று சொல்லிவிட்டார் மாஸ்டர். முப்பது பேரோடு ஆரம்பித்த வகுப்பு, சில மாதங்களிலேயே நானூறு பேர் ஆகிவிட்டது!

1969ல் மிட்செல் தனியாக 'டான்ஸ் தியேட்டர் ஆப் ஹார்லம்' என்ற நடனக் குழுவைத் தொடங்கினார். உலகப் புகழ் பெற்ற குழு அது. இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. மிட்செல் 2018ல் காலமானார்.

இங்கே டோரதியின் அடித்தளம் பிள்ளைகளைத் தாங்கவில்லை. கட்டடம் வேண்டும். பணம்? தனக்குக் கைதட்டிய பெரிய மனிதர்களிடம் எல்லாம் போய்க் கேட்டார் டோரதி. இசை உலகத்து நண்பர்கள் உதவினார்கள். நிறுவனங்கள் கொடுத்தன. 1970களின் பிற்பாதியில், செயின்ட் நிக்கோலஸ் அவென்யூவில், சர்ச்சுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கென்று செங்கல் கட்டடம் எழுந்தது. நூறு வருடங்களுக்கு முன்னால் ஹாம்ப்டன் மாணவர்கள் பாடிக் கட்டிய கட்டடம் உங்களுக்கு நினைவுக்கு வருகிறதா?

1975ல் இன்னொன்றும் நடந்தது. 'மெட்' ஆபரா தன் நிர்வாகக் குழுவில் சேரும்படி டோரதியை அழைத்தது. அந்தக் குழுவில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். மேடைக் கதவு வழியாக விடவே இல்லை. ஆபீஸ் கதவு வழியாக உள்ளே போனார்!

1979ல் டோரதி பள்ளிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். இருபது பிள்ளைகளோடு ஆரம்பித்த பள்ளியில் அப்போது சுமார் ஆயிரம் பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பிறகு பெட்டி ஆலன் என்ற இன்னொரு பாடகி பொறுப்பேற்றார். 1996 பிப்ரவரி 19ம் தேதி, 85வது வயதில் டோரதி மேனர் காலமானார்.

பள்ளி பிறகு ரொம்பக் கஷ்டப்பட்டது. 2010ல் பணம் இல்லாமல் மூன்று வாரம் மூடியே விட்டார்கள். அப்போது, ஹெர்ப் அல்பெர்ட் என்ற டிரம்பெட் கலைஞரின் அறக்கட்டளை பெரும் தொகை கொடுத்துக் காப்பாற்றியது. கட்டடத்துக்கு இப்போது அவர் பெயர்.

அந்தச் செங்கல் கட்டடத்தின் முன்பக்கம் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. 2020ல் புதுப்பித்தபோது, அந்தச் சுவரை எடுத்துவிட்டு உயரமாகக் கண்ணாடி வைத்துவிட்டார்கள். செயின்ட் நிக்கோலஸ் அவென்யூவில் நடந்து போகும் பிள்ளைகள், இப்போது நின்று உள்ளே எட்டிப் பார்க்கலாம்.